வளைவில் எரிந்த விளக்கு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. சின்ன ‘ர’ எங்கே வரும், பெரிய ‘ற’ எங்கே வரும் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. பேச்சு அதைவிட மோசம். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தாலே காது சூடாகிவிடும். அதனால்தான், தான் பிறந்த கதையைச் சொல்லும்படி என் தங்கை எத்தனையோ தடவை கேட்டும் சொல்லாமல் காலத்தைக் கடத்தினேன். எழுதிவிட்டால் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. பிழைகளை அவள் திருத்திக்கொள்ளட்டும். அவள் டீச்சர்.

அப்போது எனக்கு எட்டு வயது. உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தோம். அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது கொழுந்து அரைக்கும் தொழிற்சாலையில் வேலை. அம்மா கொழுந்து பறித்தாள். அந்த வருஷக் கடைசியில் அம்மா நிறைமாதம். தோட்டத்து மருத்துவிச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்த முறை லயத்துக் காம்பராவில் வைத்துப் பார்க்க முடியாது, தை பிறப்பதற்குள் நுவரெலியா ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ‘இந்த முறை’ என்று அவள் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் மழைக்காலத்தில் அம்மா ஆஸ்பத்திரிக்கென்று தோட்டத்து லொறியில் போனாள். திரும்பி வந்தபோது கையில் எதுவும் இல்லை. பாப்பா எங்கே என்று கேட்டேன். பாப்பா சாமிகிட்ட போயிருச்சு என்றார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகவே இந்த முறை எதில் போவது என்பதுதான் வீட்டில் பெரிய பேச்சாக இருந்தது. ஒன்று தோட்டத்து லொறி. இன்னொன்று மாமாவின் கார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கார் அவருடையது இல்லை, ராகலை டவுனில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளியுடையது. அவரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். மாமா அதை வாடகைக்கு ஓட்டினார். கறுப்புக் கார். உள்ளே சிவப்புத் தோல் போட்ட மெத்தை சீட்டு. அதில் ஒரு தடவை உட்கார்ந்தவர்கள் லயத்துக்கு வந்து ஒரு வாரம் அதையே பேசுவார்கள். அதற்கு முன்னால் மாமா தோட்டத்து லொறிதான் ஓட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று ஒருநாள் அதை விட்டுவிட்டு டவுனுக்குப் போய்விட்டார். லொறி ஓட்டுவதைவிடக் கார் ஓட்டுவது பெரிய உத்தியோகம், அதனால் போயிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு லொறிதான் சரி என்று பட்டது. அம்மா அசையவில்லை.

“என் தம்பி ஓட்டுற கார்ல ஏத்துனா ஏறுறேன். இல்லாட்டி இந்தக் காம்பராவுலயே படுத்துக்கிறேன். வர்றது வரட்டும்.”

பக்கத்துக் காம்பரா அத்தை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே கேட்டுவிட்டு, வெளியே வந்து யாருக்கும் சொல்லாதது போலச் சொன்னாள்: “ம்… லொறி இடுப்புல குத்துதாக்கும். கொழுந்துக் கூடைய தூக்குறப்ப குத்தாத இடுப்பு!”

எனக்கு அம்மாவின் ஆசை நன்றாகப் புரிந்தது. அந்த மெத்தை சீட்டில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

கார் விஷயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், மீட்டர்களுக்கு நடுவே, கடலைப் பருப்பு அளவில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. எஞ்சினுக்குள் எண்ணெய் சரியாக ஓடினால் அது அணைந்திருக்கும். ஓடவில்லை என்றால் எரியும். எரிந்தால் உடனே வண்டியை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசி எஞ்சின் இறுகிவிடும். அந்த விளக்கு அப்போது சில நாளாக எரிந்தும் எரியாமலும் மாமாவைப் படுத்திக்கொண்டிருந்தது. ராகலை தாண்டி நுவரெலியாவுக்கு ஏறும்போது, இடது பக்கம் திரும்பும் ஒரு செங்குத்தான வளைவு வரும். அங்கேதான் பெரும்பாலும் எரியும். வளைவு முடிந்து பாதை சமமானதும் அணைந்துவிடும்.

அந்தச் சமமான இடத்தில் ஒரு மரத்தடியில் சூலம் நட்டு ஒரு கல் இருந்தது. ரோதமுனி என்பார்கள். ரோதை என்றால் சக்கரம். எங்கள் ஸ்டோரிலும் ரோதமுனிக்கு ஒரு கல் உண்டு, இயந்திரங்களை அவர்தான் பார்த்துக்கொள்கிறார் என்பது அப்பாவின் முடிவு. வருஷத்துக்கு ஒரு தடவை சேவல் வெட்டாமல் ரோலரை ஓட்ட மாட்டார்கள். அதனால் காரில் விளக்கு எரிந்த செய்தி கேட்டதும் அப்பாவுக்குச் சந்தேகமே வரவில்லை.

மாமா ஒரு மாலை எங்கள் வாசலில் வந்து நின்றார். அப்பா அவருக்கு மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“மாமாகிட்ட சொல்லு. முனிய கும்பிடாம கடந்து போறதாலதான் சிவப்புக் காட்டுறாரு. நிப்பாட்டி ஒரு சூடத்தக் கொளுத்தச் சொல்லு.”

நான் திரும்பி, “மாமா, சூடம் கொளுத்தணுமாம்,” என்றேன்.

“கொளுத்துனேன்னு சொல்லு,” என்றார் மாமா, அவரும் என்னைப் பார்த்தே. “நிப்பாட்டிக் கொளுத்துனா அணைஞ்சிருது. அடுத்த நடைக்குத் திரும்ப எரியுது.”

“அப்ப முனி இன்னும் சமாதானமாகலேன்னு சொல்லு.”

போன வருஷத்திலிருந்தே இப்படித்தான். அப்பாவும் மாமாவும் நேருக்கு நேர் பேசுவதில்லை. இருவருக்கும் நடுவில் நான் தபால்காரன். பெரியவர்கள் அப்படித்தான் என்று எண்ணியிருந்தேன். எனக்கும் ஸ்கூலில் ஒருத்தனோடு ‘டூ’ இருந்தது.

மாமா எழுந்து போகும்போது அம்மாவிடம் மட்டும் சொன்னார்: “அக்கா, ஒன்ன நான்தான் கொண்டுபோறேன். ஆனா இந்த லைட்டு ஏன் எரியுதுன்னு தெரியாம ஒன்ன இதுல ஏத்த மாட்டேன்.”

“கண்டுபிடி,” என்றாள் அம்மா. “நாள் இருக்கு.”

நாள் அதிகம் இல்லை என்பது எட்டு வயதிலும் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு முன்னால் அவளுடைய வயிறு வாசற்படிக்கு வந்து நின்றது.

மாமா முதலில் செய்தது எண்ணெய் அளவு பார்த்தது. குச்சியை இழுத்துத் துடைத்து, விட்டு, மறுபடி இழுத்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். பிறகு காலிக் காரை அந்த வளைவில் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். எரியவே இல்லை. சந்தோஷத்தோடு மறுநாள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார். அதே வளைவில் எரிந்தது.

இந்தச் செய்தி லயத்துக்கு வந்ததும் அத்தை சொன்னாள்: “வெறும் காரா போனா எரியல, ஆள் ஏறுனா எரியுதுன்னா, அது ஏறுறவங்க பண்ணுன பாவம்தான்.”

வளைவில் மாமா பாதையைப் பார்ப்பாரா விளக்கைப் பார்ப்பாரா? அந்தப் பக்கம் பள்ளம். ஆகவே பள்ளிக்கூட விடுமுறையில் என்னை முன் சீட்டில் உட்கார வைத்தார். விளக்கைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.

“எரிஞ்சா ‘எரியுது’ன்னு கத்தாத மருமகனே. பின்னால இருக்கிறவங்க காருக்கு நெருப்புப் புடிச்சிருச்சுன்னு குதிச்சிருவாங்க. ‘மாமா, பசிக்குது’ன்னு சொல்லு. எனக்குப் புரிஞ்சிரும்.”

“நெசமாவே பசிச்சா மாமா?”

மாமா யோசித்தார். “அப்ப ‘தண்ணி வேணும்’னு சொல்லு.”

இப்படித்தான் வாயே திறக்காத நான், முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த காரில், தினமும் அந்த வளைவு வந்ததும், “மாமா, பசிக்குது!” என்று சொன்னேன். பின் சீட்டிலிருந்து யாராவது, “ஐயோ, பச்ச மண்ணு, சாப்பாடு குடுக்காமலா கூட்டிட்டு வந்தீங்க?” என்பார்கள். ஒரு நாள் வடை கிடைத்தது. ஒரு நாள் வாழைப்பழம். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்துக்குப் போன ஒரு சிங்களப் பெரியவர் தன் பாண் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என் மடியில் வைத்துவிட்டு, மாமாவை முறைத்துக்கொண்டே வந்தார். மாமா எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டார். விளக்கு தினம் எரிந்தால் நல்லதுதானே என்று எனக்கு ஓர் எண்ணம் வந்ததை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அப்படி ஓட்டியதில் மாமாவுக்கு ஒன்று பிடிபட்டது. கார் நிறைய ஆள் வேண்டும். ஏற்றம் வேண்டும். இடது பக்கம் திரும்ப வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் எரியும்.

ராகலையில் கார் லொறி பழுது பார்க்கும் சிங்கள பாஸ் ஒருவர் இருந்தார். தமிழ் நன்றாகப் பேசுவார், ‘தம்பி’ என்பது மட்டும் சிங்களத்தில் ‘மல்லி’ என்றே வரும். மாமா சொன்னதையெல்லாம் பீடி பிடித்துக்கொண்டே கேட்டார்.

“ரெண்டுல ஒண்ணு மல்லி. நெசமாவே மேட்டுல ஒயில் ஏறாம நிக்குது, இல்லாட்டி லைட்டு பொய் சொல்லுது. எஞ்சின பிரிச்சாத்தான் தெரியும். பிரிச்சா மாசக் கணக்காகும்.” பிறகு சிரித்தார். “ஒனக்கு எதுக்கு இந்தக் கரச்சல்? அந்த லைட்டு வயர கழட்டிப் போடு. லைட்டும் எரியாது, பெஸிஞ்சரும் பயப்பட மாட்டான், இந்தப் பொடியனுக்கும் பசிக்காது.”

நானும் சிரித்தேன். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். அவர் உதடு வெளுத்திருந்தது.

“அத மட்டும் சொல்லாதீங்க பாஸ்,” என்றார்.

பாஸ் பீடியைக் கீழே போட்டார்.  பிறகு உள்ளே போய், மணிக்கூடு மாதிரி வட்டமான ஊசி மீட்டர் ஒன்றையும் அதோடு சேர்ந்த மெல்லிய செப்புக் குழாயையும் எடுத்து வந்தார். எஞ்சின் பக்கவாட்டில் அந்த விளக்கு வயர் போய்ச் சேருகிற ஒரு சின்னத் திருகு உண்டு. அதைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் இந்தக் குழாயைப் பூட்டினால் எண்ணெய் எந்த அழுத்தத்தில் ஓடுகிறது என்று ஊசியே காட்டும். விளக்கு பொய் சொல்லலாம், ஊசி சொல்லாது. ஞாயிற்றுக்கிழமை முடிந்ததும் கொண்டுவந்துவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

ஞாயிறு தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இல்லை, வேலை இல்லை. காரில் பாரம் வேண்டுமென்று மாமா சொன்னதும் லயத்தில் பாதி ஆட்கள் தங்களைப் பாரமாகத் தர முன்வந்தார்கள். பக்கத்துக் காம்பரா அத்தை கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு முதலில் வந்து நின்றாள். அப்பாவும் வந்தார். சூடமும் தேங்காயும் கொண்டுவந்திருந்தார். இடம் போதாமல் இருந்தும், நானாவின் கடையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கு மூட்டையையும் ஏற்றினார் மாமா.

கழற்றிய வயரின் முனையை அவர் துணி சுற்றிக் கட்டி, எதிலும் படாமல் ஒரு பக்கமாகத் தொங்கவிட்டிருந்தார். மீட்டரைக் கண்ணாடிக்கு வெளியே கயிற்றால் கட்டியிருந்தார். ஊசி கீழே இறங்கினால் சொல்வது என் வேலை. வயர் எதோடும் சேரவில்லை என்பதால் விளக்கு இன்றைக்கு எரியவே எரியாது, அதைப் பார்க்க வேண்டாம் என்றார்.

வளைவு வந்தது. கார் முக்கிக்கொண்டு ஏறியது. ஊசி அசையவில்லை. நான் பழக்க தோஷத்தில் ஒரு தடவை விளக்கைப் பார்த்தேன்.

“மாமா, பசிக்குது!”

“டேய், விளையாடாத!”

“நெசமா மாமா! எரியுது!”

மாமா குனிந்து பார்த்தார். எதோடும் சேராத வயரில் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அத்தை, “முனியப்பா!” என்று அலறி உருளைக்கிழங்கு மூட்டையைக் கட்டிப் பிடித்தாள். அப்பா பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார்.

“மாமாகிட்ட சொல்லு. இதுக்கு மேலயும் சாட்சி வேணுமான்னு கேளு.”

மாமா காரை முனி கல்லருகே நிறுத்தினார். எல்லோரும் இறங்கியதும் அப்பா சூடம் ஏற்றினார், அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமாவும் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு நேரே வந்து காரின் மூடியைத் திறந்து, இடுப்பில் கை வைத்து நின்றார். அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு முகம்.

“எஞ்சின் நல்லாருக்குடா,” என்றார் என்னிடம். “ஊசி அசையல. ஒயில் ஓடுது. வயருதான் எங்கயோ தோல் உரிஞ்சு இரும்புல படுது, பட்டாலே லைட்டு எரியும்.”

“அப்ப சரியாப் போச்சே, போவலாம்,” என்றாள் அத்தை.

“எங்க படுதுன்னு தெரியாம போக முடியாது.”

வயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நின்ற காரில் அது எதிலும் படவில்லை. ஏற்றத்தில் மட்டும் ஏன் பட வேண்டும்? வெயில் ஏறி, பனி விலகி, பாரமாக வந்தவர்கள் எல்லோரும் பள்ளத்தில் தெரிந்த தோட்டங்களை ஒவ்வொன்றாகக் காட்டி அலுத்துப்போனார்கள். மாமா காருக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டார். அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

அடியிலிருந்து குரல் வந்தது. “மருமகனே, அப்பாகிட்ட சொல்லு. எஞ்சின் ஒக்காந்திருக்கிற ரப்பர் கட்டை ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கு. பாரம் இழுக்கிறப்ப எஞ்சின் ஒருக்களிச்சு எந்திரிக்குது போலருக்கு. யாராவது அலவாங்கு போட்டு நெம்புனா தெரியும்.”

நான் திரும்பினேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாதை வேலைக்காக ஓரத்தில் போட்டிருந்த இரும்பு அலவாங்கை அப்பா ஏற்கெனவே கையில் எடுத்திருந்தார். இயந்திரம் என்றால் அவருக்குப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. முனைக்கு ஒரு பலகைத் துண்டை வைத்து எஞ்சினுக்கு அடியில் கொடுத்துக் குனிந்தார்.

“எந்தப் பக்கம் மாப்ள?”

நேராக மாமாவைக் கேட்டார். வெளியே தெரிந்த கால்கள் அசையாமல் கிடந்தன. 

“வலது பக்கம்… மச்சான்,” என்றது குரல். “மெதுவா.”

நான் உள்ளே உட்கார்ந்து விளக்கைப் பார்த்தேன். அப்பா நெம்பினார். எஞ்சின் ஒரு விரற்கடை எழுந்தது. விளக்கு எரிந்தது.

“எரியுது!”

விட்டார். அணைந்தது. நெம்பினார். எரிந்தது. ஊரெல்லாம் கேட்கும்படி நான் கத்தினேன். என் வாழ்க்கையில் அப்படிக் கத்தியது அதுதான். மாமா அடியிலிருந்து வெளியே வந்து, எஞ்சின் எழும்போது ஒரு தகட்டின் விளிம்பில் நசுங்கிக் கொண்டிருந்த வயரைக் காட்டினார். தோல் உரிந்து செம்பு மினுங்கியது. எல்லோரும் தலையை விட்டுப் பார்த்தார்கள்.

அத்தை சொன்னாள்: “இந்த நூலுக்கா நான் கல்யாணச் சேலையக் கட்டிட்டு வந்தேன்!”

அப்பா அலவாங்கைப் பழைய இடத்தில் சாய்த்துவிட்டு, “எப்படியோ முனி எடத்துலதானே காட்டுனாரு,” என்றார். மாமா மறுக்கவில்லை.

புது வயர் போட்டார்கள், புது ரப்பர் கட்டை வைத்தார்கள், திருகை மாட்டினார்கள். அதற்குப் பிறகும் மாமா அந்த வளைவில் மூட்டைகளோடு எத்தனையோ தடவை ஏறி இறங்கினார். கிளம்பும் முன் சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிகிறதா, எஞ்சின் ஓடியதும் அணைகிறதா என்று பார்க்காமல் அவர் வண்டியை எடுத்ததே இல்லை. எரியாத விளக்கையும் நம்பக் கூடாது என்பார்.

மார்கழிக் குளிரில் ஒரு காலையில் அம்மாவுக்கு வலி கண்டது. அப்பாவும் அம்மாவும் பின்னால். நான் முன்னால், அழுது அடம்பிடித்து ஏறியிருந்தேன். ராகலை தாண்டியதும் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டே பணிஸ் ரொட்டி ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

“பசிக்குதாப்பா?”

மாமாவின் கால் தன்னால் பிரேக்கில் போய் விழுந்தது. குனிந்து விளக்கைப் பார்த்தார். அணைந்துதான் இருந்தது. மறுபடி வண்டியை ஏற்றத்தில் எடுத்தார். விளக்கு வளைவிலும் எரியவில்லை.

வளைவு முடிந்ததும் அம்மா, “தம்பி, கொஞ்சம் நிப்பாட்டு,” என்றாள்.

வலியோடு இறங்கினாள். அப்பா முனி கல்லுக்குப் போகவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் கல் இருந்த பக்கமே பார்க்காமல், எதிர்ப்பக்கம் பாதை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டியிருந்த இடத்தில் போய் நின்றாள். அங்கே புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. மாமா இறங்கவில்லை. எஞ்சினை நிறுத்தவும் இல்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்ன விளக்கையே பார்த்தபடி இருந்தார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அம்மா திரும்பி வந்து ஏறி, முன்னால் கையை நீட்டி அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டி, “போ,” என்றாள்.

அவளுக்கு வாந்தி வருவது போல இருந்திருக்கும் என்று நினைத்தேன். மாமாவுக்குப் பனிக்குச் சளி.

அன்று பகலே என் தங்கை பிறந்தாள்.

எத்தனையோ வருஷம் கழித்து, மாமா இறந்து கருமாதி முடிந்த அன்றுதான் அப்பா எனக்குச் சொன்னார். தங்கை பிறந்ததற்கு முந்தைய வருஷம் அம்மாவை ஏற்றிப் போன தோட்டத்து லொறியை ஓட்டியவர் மாமா. அந்த லொறியிலும் ஒரு சிவப்பு விளக்கு சும்மா சும்மா எரிந்திருக்கிறது. வயர் பிழையாகத்தான் இருக்கும் என்று மாமாவே வயரைக் கழற்றிவிட்டிருக்கிறார். அன்று மழையில், அந்த வளைவுக்கு மேலே, எண்ணெய் இல்லாமல் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. வெகுநேரம் வேறு வண்டி வரவில்லை. கான் ஓரத்தில் சாக்கை விரித்துத்தான் பிள்ளை பிறந்தது. நுவரெலியா போய்ச் சேரும் வரை அது இருக்கவில்லை.

“ஒன் மாமன் அதுக்கப்பறம் ஸ்டியரிங்கையே தொட மாட்டேன்னு கெடந்தான்,” என்றார் அப்பா. “எனக்கும் அவன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல. ஒங்க அம்மாதான் நடந்தே ராகலைக்குப் போயி, நானா கையக் கால புடிச்சு அந்தக் கார அவனுக்கு ஓட்ட வாங்கிக் குடுத்தா. அடுத்த பிள்ளைக்கு அவன் ஓட்டுற வண்டியிலதான் ஏறுவேன்னு அப்பவே சொல்லிட்டா.”

லொறி வேண்டாம், தம்பியின் கார்தான் வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தபோது நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கும் என்னைப் போல அந்தச் சிவப்பு மெத்தை சீட்டு ரொம்பப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுதி முடித்தது: தைப்பொங்கலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, என் தங்கையின் பிறந்தநாளன்று.